தண்ணீர் ஆற்றுக்குப் போகும், கசடு எங்கே போகும்?

ஒரு நகரத்துக்குப் புதிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வருகிறது என்றால் செய்தியில் முதலில் கண்ணில் படுவது ஓர் எண்: நாளொன்றுக்கு இத்தனை கோடி லிட்டர். என்ன தொழில்நுட்பம், எப்போது கட்டி முடியும், சுத்தமான நீர் எந்த ஆற்றில் விடப்படும் என்பதெல்லாம் அடுத்தடுத்து வரும். அங்கே தினமும் சேரும் கசடை யார் அள்ளிக்கொண்டு போவார்கள், எங்கே போடுவார்கள் என்பது பெரும்பாலும் வராது. நிலையம் ஒழுங்காக ஓடுமா, இரண்டே வருடத்தில் படுத்துவிடுமா என்பதை இந்தக் கேள்விதான் முடிவு செய்கிறது என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

சாக்கடை நீரில் ஏறக்குறைய 99.9 சதவீதம் தண்ணீர்தான். மிச்சமுள்ள 0.1 சதவீதத்துக்காகத்தான் இத்தனை தொட்டிகளும் மோட்டார்களும். அந்தக் கொஞ்சத்தை நிலையம் மாயமாக்கிவிடுவதில்லை. ஒரு பங்கை நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாக வெளியே விடுகின்றன. இன்னொரு பங்கு நீரிலிருந்து பிரிந்து கசடாகச் சேர்கிறது. நீர் எவ்வளவு சுத்தமாகிறதோ அவ்வளவு கசடு கூடும். சுத்திகரித்த நீர் தெளிவாகவும் இருக்கிறது, கசடும் வருவதில்லை என்று யாராவது சொன்னால் சந்தேகப்பட வேண்டும்.

வாசலில் நடப்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். கம்பிச் சல்லடையில் துணி, பிளாஸ்டிக், கழிப்பறையில் போடவே கூடாத ஈரத் துடைப்புத்தாள் எல்லாம் சிக்கும். அடுத்த தொட்டியில் மணல் இறங்கும். இந்த இரண்டும் சாதாரண வேலையாகத் தெரிந்தாலும், இங்கே கோட்டை விட்டால் பம்புகள் தேயும், பின்னால் வரும் பெரிய தொட்டிகளின் அடியில் மணல் இறுகி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் முதல் படிவுத் தொட்டி. நீர் இரண்டு மணி நேரம் போல ஏறக்குறைய அசையாமல் கிடக்கும்போது, மிதந்து வந்த திடப்பொருளில் பாதிக்கு மேல் தானாகவே அடியில் தங்கிவிடும். முதல் கசடு இதுதான். சாம்பல் நிறம், கடும் நாற்றம், சீக்கிரம் அழுகும்.

நீரில் கரைந்திருப்பது இப்படி இறங்காது. அதைப் பிடிக்கத்தான் காற்றூட்டத் தொட்டி, பேச்சுவழக்கில் ஏரேஷன் டேங்க். 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், டேவிஹியூம் நிலையத்தில் வேலை பார்த்த எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இரு வேதியியலாளர்கள் தங்கள் சோதனை முடிவை வெளியிட்டார்கள். கழிவுநீரில் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் அது சுத்தமாகும் என்பது அதற்கு முன்பே தெரியும். ஆனால் வாரக்கணக்கில் ஊத வேண்டும், நகரத்துக்கு அது உதவாது. இவர்கள் செய்தது எளிய காரியம். சுத்தமான நீரை வடித்துவிட்டு, அடியில் தங்கிய சேற்றைக் கொட்டாமல் அதன் மேலேயே புதிய கழிவுநீரை ஊற்றினார்கள். திரும்பத் திரும்பச் செய்தபோது வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. அதுவரை குப்பை என்று தூக்கியெறிந்த சேறுதான் வேலைக்காரப் படை என்று தெரிந்தது. கசடுப் பொருளாதாரம் முழுவதும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது: கொஞ்சம் கசடைத் திருப்பி உள்ளே அனுப்ப வேண்டும், கொஞ்சத்தை வெளியேற்ற வேண்டும். (அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர் சில ஆண்டுகளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார்.)

எவ்வளவைத் திருப்புவது, எவ்வளவை வெளியேற்றுவது? நிலையத்தை நடத்துபவர் கையில் இருக்கும் முக்கியமான திருகு இதுதான். தொட்டியில் ஒரு கசடுத் துகள் சராசரியாக எத்தனை நாள் தங்குகிறது என்பதைக் கசடின் வயது என்பார்கள். கரிமப் பொருளைத் தின்னும் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகுபவை, சில நாள் வயதே அவற்றுக்குப் போதும். அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் இனங்கள் மெதுவாக வளரும். குளிர் கூடக் கூட இன்னும் மெதுவாகும். கசடை அவசரப்பட்டு வெளியேற்றினால் இந்த இரண்டாம் கூட்டம் பெருகுவதற்குள் அடித்துச் செல்லப்படும், அமோனியா அப்படியே ஆற்றுக்குப் போகும். வெளியேற்றாமல் வைத்திருந்தால் தொட்டியில் கசடு தடித்து, காற்று போதாமல், இன்னொரு வகைத் தொல்லை வரும்.

தொட்டியின் ஓரத்தில் நின்றாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பழுப்பு நிறம், ஈர மண் வாசம் என்றால் நல்லது. கருத்து, அழுகல் நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை. பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான நுரை ஏடு கட்டியிருந்தால் நூலிழைபோல் வளரும் பாக்டீரியாக்கள் கூடிவிட்டன. மிச்சத்தை ஒரு கண்ணாடி உருளை சொல்லும். தொட்டி நீரை மொண்டு 1 லிட்டர் உருளையில் ஊற்றி 30 நிமிடம் விட வேண்டும். முதல் சில நிமிடங்களில் கலங்கல் துணுக்கு துணுக்காகத் திரளும். பிறகு மேலே தெளிந்த நீர், கீழே பழுப்பு என்று ஒரு கோடு விழுந்து அது மெல்ல இறங்கும். 30 நிமிடத்தில் கோடு 250 மில்லி லிட்டரில் நிற்கிறது, அந்த நீரில் லிட்டருக்கு 2.5 கிராம் திடம் இருக்கிறது என்றால், ஒரு கிராம் கசடு 100 மில்லி இடத்தைப் பிடிக்கிறது என்று கணக்கு. நல்ல நிலை. 150-ஐத் தாண்டினால் கசடு உப்பலாகிவிட்டது, காற்றூட்டத் தொட்டிக்கு அடுத்து நீரையும் கசடையும் பிரிக்கும் இரண்டாம் படிவுத் தொட்டியில் ஒழுங்காக இறங்காது. அனுபவசாலிகள் உருளையை உடனே கவிழ்ப்பதில்லை, இன்னும் ஒரு மணி நேரம் விட்டு வைப்பார்கள். அடியில் இருந்த கசடு கட்டியாகக் கிளம்பி மேலே வந்தால், உள்ளே நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாக மாறிக் குமிழ் விடுகிறது என்று பொருள். படிவுத் தொட்டியிலும் கசடு தேவைக்கு மேல் தங்குகிறது என்பதற்கு அது எச்சரிக்கை.

இப்போது ஒரு கணக்கு. 10 லட்சம் பேர் வாழும் நகரம், ஆளுக்கு 150 லிட்டர் கழிவுநீர், ஆக நாளுக்கு 15 கோடி லிட்டர். ஒருவரால் தினமும் சேரும் கசடை உலர் எடையில் 50 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். இது நடைமுறையில் காணும் அளவுதான். மொத்தம் 50 டன். அதில் பாதி, அதாவது 25 டன், காற்றூட்டத் தொட்டியிலிருந்து வரும் உபரி. தொட்டியில் நீர் 8 மணி நேரம் நிற்கிறது, லிட்டருக்கு 3 கிராம் கசடு இருக்கிறது என்றால் எந்த நேரமும் உள்ளே இருப்பது 150 டன். சரி, இப்போது கசடைப் பிழியும் இயந்திரம் பழுதாகிறது. அல்லது கசடு எடுக்க வரும் லாரி வரவில்லை. உபரியை வெளியேற்ற முடியவில்லை. ஆறே நாளில் 150 டன் 300 டன் ஆகிவிடும்.

படிவுத் தொட்டி அதைத் தாங்காது. அடியில் நிற்க வேண்டிய கசடுப் படுகை உயர்ந்துகொண்டே வந்து, ஒரு மழை நாளிலோ காலை நேரத்து நீர் வரத்திலோ விளிம்பைத் தாண்டி வழியும். வெளிநீரில் திடப்பொருளும் பி.ஓ.டி. அளவும் (நீரிலுள்ள கரிம அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) ஒரே நாளில் தாவும். இங்கே காற்றூதிகளில் கோளாறில்லை, நுண்ணுயிர்களில் கோளாறில்லை. போக இடமில்லாத கசடு ஆற்று வழியாகத் தானே வழி தேடிக்கொண்டது, அவ்வளவுதான். சில இடங்களில் இது இரவில் ரகசியமாக வால்வைத் திறந்துவிடும் வழக்கமாகவே மாறிவிடுகிறது. அப்படிப்பட்ட நிலையத்தில் நீரைச் சுத்தம் செய்வதற்கு ஆன மின்சாரம் முழுவதும் வீண்.

கசடின் பிரச்சினையில் முக்கால்வாசி உண்மையில் தண்ணீர்ப் பிரச்சினை. அந்த 50 டன் உலர் கசடு, 1 சதவீதத் திடமாக இருக்கும்போது 5,000 டன் எடை. 5 சதவீதத்துக்குக் கெட்டியாக்கினால் 1,000 டன். 25 சதவீதத்துக்குப் பிழிந்தால் 200 டன். 20 டன் லாரியில் ஏற்றினால் 250 நடைக்கும் 10 நடைக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே ஒவ்வொரு சதவீதமும் காசு. நிலையத்துக்குள் வரும் நீரோடு ஒப்பிட்டால், நீர் கலந்த நிலையிலும் கசடு நூற்றில் சில பங்குதான். ஆனால் நடத்தும் செலவில் பாதி வரைக்கும் அதைச் சமாளிப்பதிலேயே போய்விடும்.

துகள்களுக்கு இடையே சும்மா நிற்கும் நீர் எளிதில் விலகும். துணுக்குகளுக்குள் மாட்டிய நீரைப் பிரிக்க விசை வேண்டும். பாக்டீரியாவின் செல்லுக்குள்ளேயே இருக்கும் நீர் பிழிந்தாலும் வராது. இதனால்தான் சாதாரண இயந்திரத்தில் 20, 25 சதவீதத்துக்கு மேல் போவது கஷ்டம். முதலில் பாலிமர் கரைசல் சேர்ப்பார்கள். அது துகள்களை ஒன்றோடொன்று கோத்துப் பெரிய திரளாக்கும். அளவு சரியாக இருந்தால் திரளுக்கு இடையில் நீர் தெளிவாகத் தெரியும். கூடிப்போனால் எல்லாம் வழவழவென்று ஒட்டிக்கொண்டு வடிதுணியை அடைக்கும், பணமும் போகும். பிறகு இரு வடிபட்டைகளுக்கு நடுவே நசுக்கும் இயந்திரம், அல்லது அதிவேகமாகச் சுழலும் சென்ட்ரிஃபியூஜ். வெளியே வருவதை எல்லோரும் கேக் என்றுதான் சொல்கிறார்கள். கையுறையோடு எடுத்து அழுத்தினால் விரல் தடம் பதியும், நீர் சொட்டாது. அப்படியும் அதில் முக்கால் பங்கு தண்ணீர்தான்.

நிலமும் வெயிலும் இருக்கும் இடங்களில் மணல் படுகையில் பரப்பிக் காயவிடுவது மலிவான வழி. பாளம் பாளமாக வெடித்துக் காய வாரங்கள் ஆகும். மழைக்காலத்தில் படுகை மறுபடி குளமாகும். வடிவமைப்பு அட்டவணையில் ஆண்டுச் சராசரி வெயிலைப் போட்டுப் படுகையின் பரப்பைக் கணக்கிடுகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

பெரிய நிலையங்களில் பிழிவதற்கு முன்பு கசடைச் செரிப்பானில் போடுவார்கள். காற்றுப் புகாத மூடிய தொட்டி, 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் சூடு, 15, 20 நாளுக்குக் குறையாத தங்கல். உள்ளே இருக்கும் கரிமப் பொருளில் பாதிக்குச் சற்றுக் குறைவாக எரிவாயுவாக மாறும். அதில் 60, 65 சதவீதம் மீத்தேன். அதை எஞ்சினில் எரித்து மின்சாரம் எடுக்கலாம், வெளிப்படும் சூட்டையே செரிப்பானுக்குத் திருப்பிவிடலாம். காற்றூதிகள்தான் நிலையத்தின் மின்சாரத்தில் பாதியை விழுங்குபவை என்பதால் இது கணிசமான உதவி. செல்லை முன்கூட்டியே உடைத்துவிட்டால் செரிமானம் இன்னும் நன்றாக நடக்கும் என்பதற்காக 160 டிகிரியைத் தாண்டிய நீராவியில் கசடை அழுத்தத்தோடு வேகவைத்து, சட்டென்று அழுத்தத்தை விடும் முறை 1995-இல் நார்வேயின் ஹாமரில் தொடங்கியது. வாஷிங்டன் நகரின் ப்ளூ ப்ளெயின்ஸ் நிலையம் 2015-இல் அதைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டது.

செரிப்பானைப் பற்றிப் பேசும்போது இரண்டு சங்கடங்களையும் சொல்ல வேண்டும். செரித்த கசடைப் பிழிந்து வரும் கறுப்பு நீர் அளவில் சொற்பம், வரத்தில் நூற்றில் ஒரு பங்கு போலத்தான். ஆனால் நிலையத்துக்கு வரும் நைட்ரஜனில் 15, 20 சதவீதம் வரை அதில் இருக்கும், அது மறுபடி நீர்ப் பக்கத்துக்கே திரும்புகிறது. வாரம் இரண்டு நாள் மட்டும் பிழியும் நிலையங்களில் அந்த இரண்டு நாளும் அமோனியா ஏன் ஏறுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். இன்னொன்று, அம்மோனியம், மக்னீசியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்து ஸ்ட்ரூவைட் என்ற வெள்ளைப் படிகமாகக் குழாயின் உட்சுவரில் கல்லாக இறுகும். உளி வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

இதைவிடக் கடுமையான விஷயம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆள் அங்கேயே விழுவார். ‘வாடை போய்விட்டது, இறங்கலாம்’ என்பது கசடுக் கிணறுகளில் மிக ஆபத்தான முடிவு. வாயுமானி, காற்றோட்டம், கயிறு, மேலே காவலுக்கு ஒருவர் இல்லாமல் யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. முதலில் விழுந்தவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து சாவதுதான் இதில் திரும்பத் திரும்ப நடப்பது.

இவ்வளவும் செய்த பிறகும் கேக் மிஞ்சும். அதை என்ன செய்வது என்பதற்கு நூறு வருடங்களாக நகரங்கள் வெவ்வேறு பதில்களைச் சொல்லிப் பார்த்திருக்கின்றன. லண்டன் 1887 முதல் கப்பலில் ஏற்றித் தேம்ஸ் முகத்துவாரத்துக்கு வெளியே கடலில் கொட்டியது. ஐரோப்பிய விதி தடுத்ததால் 1998 முடிவோடு அது நின்றது. நியூயார்க் முதலில் கரையிலிருந்து 12 மைல் தொலைவில் கொட்டியது, பிறகு 106 மைலுக்குப் போனது, 1988-இன் தடைச் சட்டத்தால் 1992-இல் நிறுத்தியது. தூரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனதில்தான் அந்தக் கால மனநிலை தெரிகிறது. அமெரிக்காவின் மில்வாக்கீ வேறு வழியில் போனது. 1926 முதல் கசடைச் சூட்டில் உலர்த்தி, மணியாக்கி, மிலோர்கனைட் என்ற பெயரில் உரமாக விற்று வருகிறது.

வயலுக்குப் போடுவது கேட்க அழகாக இருக்கிறது. கசடில் நைட்ரஜன், பாஸ்பரஸ், கரிமம் எல்லாம் உண்டு. ஆனால் நகரம் சாக்கடையில் விட்ட மற்ற எல்லாமும் அதில்தான் உண்டு. ஐரோப்பா 1986-இல் விவசாயக் கசடுக்குக் கன உலோக வரம்பு போட்டது. காட்மியத்துக்குக் கிலோவுக்கு 20 முதல் 40 மில்லி கிராம் என்பது அதன் எல்லை. அமெரிக்கா 1993-இல் போட்ட விதியில் காட்மியத்தின் உச்ச வரம்பு 85. கிருமிகளின்படி அங்கே ஏ, பி என்று இரண்டு வகுப்பு: ஏ வகுப்பில் ஒரு கிராம் உலர் கசடில் மலக் கோலிஃபார்ம் என்ற குடல் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை 1,000-க்குக் கீழே இருக்க வேண்டும், பி வகுப்பில் 20 லட்சம் வரை போகலாம், ஆனால் அதைப் போட்ட நிலத்தில் மேய்ச்சலுக்கும் அறுவடைக்கும் காத்திருப்புக் காலம் உண்டு. ஒரே கசடுக்கு இரண்டு பெரிய நாட்டமைப்புகள் இவ்வளவு வேறுபட்ட எல்லை போட்டிருப்பதே, இது முழுக்க அறிவியல் சொன்ன பதில் இல்லை என்பதைக் காட்டுகிறது. எவ்வளவு அபாயத்தை ஏற்றுக்கொள்வது என்ற முடிவும் அதில் கலந்திருக்கிறது. சுவிட்சர்லாந்து 2006-இலிருந்து வயலில் போடுவதையே தடை செய்தது. எளிதில் சிதையாத பி.எஃப்.ஏ.எஸ். ரசாயனங்கள் பண்ணை மண்ணிலும் கிணற்றிலும் கிடைத்த பிறகு அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2022-இல் அதையே செய்தது.

எரிப்பது அடுத்த வழி. 850 டிகிரி அளவில் எரித்தால் கிருமி, கரிமம் எல்லாம் போய்ச் சாம்பல் மிஞ்சும். பாஸ்பரஸ் எரியாது, சாம்பலிலேயே தங்கும். அது பாறையிலிருந்து வெட்டியெடுக்கும் பொருள், ஐரோப்பாவில் பெரும்பாலும் இறக்குமதி. அதனால்தான் கசடைத் தனியாக எரிக்க வேண்டும் என்கிறார்கள். குப்பையோடும் சிமெண்ட் சூளையிலும் கலந்து எரித்தால் பாஸ்பரஸை மீட்க வழியில்லை. ஜெர்மனி 2017-இல் போட்ட ஆணைப்படி 1 லட்சம் பேருக்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள நிலையங்கள் 2029-லிருந்தும், 50,000-க்கு மேற்பட்டவை 2032-லிருந்தும் பாஸ்பரஸை மீட்டாக வேண்டும். 1669-இல் ஹென்னிங் பிராண்ட் என்பவர் சிறுநீரைக் காய்ச்சிப் பாஸ்பரஸைக் கண்டுபிடித்த ஹாம்பர்க் நகரம் இருப்பதும் அதே நாட்டில்தான்.

வயல், சூளை, குப்பை மேடு என எந்தப் பக்கம் போனாலும் கசடின் தரத்தை நிலையத்தின் கடைசி இயந்திரம் தீர்மானிப்பதில்லை. மின்முலாம் பட்டறையும் தோல் பதனிடும் ஆலையும் தங்கள் கழிவை முன்சுத்திகரிப்பு செய்யாமல் பொதுச் சாக்கடையில் விட்டால், உலோகம் நேரே கசடுக்கு வந்து சேரும். நுண்ணெகிழித் துகள்களிலும் பெரும்பகுதி அப்படியே. ஒருமுறை கலந்த பிறகு பிரிப்பதற்கு நியாயமான செலவில் வழி கிடையாது. மலிவான கசடுச் சுத்திகரிப்பு என்பது, அந்த ஆலைகளின் வாசலில் ஒரு மாதிரிக் குப்பியோடு நிற்கும் ஆய்வாளர்தான்.

ஒப்பந்தம் எழுதுவதிலும் ஒரு கோளாறு உண்டு. சுத்திகரித்த லிட்டருக்கு இவ்வளவு என்று பணத்தை நிர்ணயித்துவிட்டு, கசடை அகற்றுவது ஒப்பந்ததாரர் பொறுப்பு என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அப்படியானால் கசடை எவ்வளவு குறைவாக வெளியேற்றுகிறாரோ அவ்வளவு அவருக்கு மிச்சம். உதிரி இயந்திரம் வாங்க மாட்டார், பாலிமரைக் குறைப்பார். இதைப் பிடிக்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. எடைமேடைச் சீட்டுகளும் கேக்கின் திடச் சதவீதமும் போதும். மேலே சொன்ன 10 லட்சம் பேர் நகரத்தில் 50 டன் உலர் கசடு செரிப்பானுக்குப் பிறகு சுமார் 35 டன்னாகக் குறையும், 25 சதவீதக் கேக்காக நாளுக்கு 140 டன். ஒரு மாதச் சீட்டுகளைக் கூட்டிச் சராசரி பார்த்தால் நாளுக்கு 40 டன்தான் வருகிறது என்று வையுங்கள். ஒன்று, சொன்ன அளவு சாக்கடை நீர் நிலையத்துக்கு வந்து சேரவே இல்லை. இல்லையென்றால், மீதி 100 டன் தினமும் வெளிநீர்க் கால்வாயில் போய்க்கொண்டிருக்கிறது.